வேலையில்லாத இளைஞர்களுக்குக் கபடி வழியாக வேலைத் தகுதி: 12 வாரத் திட்டம் எப்படிப் போடலாம்?

#1 மேலூர்_மன்றம்

மேலூர் ஒன்றியத்தில் 18 முதல் 27 வயது வரை 30 பேர். பத்தாவது முடித்தவர், பன்னிரண்டாவது முடித்தவர், ஐடிஐயைப் பாதியில் விட்டவர், டிகிரி வாங்கிவிட்டுச் சும்மா இருப்பவர் என்று கலவை. அதில் 9 பேர் பெண்கள். ஊராட்சிக் களம் ஒன்று இருக்கிறது, பள்ளிக்கூடத்தில் ஒரு வகுப்பறை கேட்டு வாங்கலாம். மூன்று மாதச் செலவை ஏற்க ஆள் இருக்கிறது.

கம்ப்யூட்டர் கிளாஸ் என்றால் நாலாம் நாள் கூட்டம் கரைந்துவிடும். கபடி என்றால் விடியும் முன்னே வந்து நிற்பார்கள். அப்படி வருகிறவர்களை வேலைக்கு லாயக்கானவர்களாக ஆக்குவது எப்படி? "விளையாட்டு ஒழுக்கம் தரும்" என்கிற பொத்தாம்பொதுப் பதில் வேண்டாம். என்ன செய்யணும், எத்தனை மணி நேரம், எங்கே சொதப்பும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 களத்துமேடு

கபடி ஆளைக் கூட்டும், அவ்வளவுதான். ஆட்டம் முடிந்து வியர்வை காய்வதற்குள் வட்டமாக உட்கார்ந்து பேசுகிற இருபது நிமிடமும், ஆட்டத்தை நடத்துகிற வேலையும்தான் ஒருவரை வேலைக்குத் தயார் செய்யும். இந்த இரண்டையும் விட்டால் மூன்று மாதம் கழித்து உங்கள் கையில் நல்ல டீம் ஒன்று இருக்கும். வேலைக்குப் போன ஆள் இருக்க மாட்டார்.

நாள் ஒழுங்கு: 5.50 முதல் வருகைப் பதிவு. 6.00-க்கு நோட்டை மூடிவிடுங்கள். 6.00–6.20 உடம்பைச் சூடேற்றுவது, 6.20–7.20 ஆட்டம், 7.20–7.40 வட்டம், பிறகு சுண்டலும் முட்டையும். 9.30–12.00 வகுப்பு. வாரம் 5 நாள், 12 வாரம், ஆக 60 நாள். தலைக்கு 40 கிராம் காய்ந்த கொண்டைக்கடலை என்றால் தினம் 1.2 கிலோ, மொத்தம் 72 கிலோ. முட்டை தலைக்கு ஒன்று, 1,800. இதில் சிக்கனம் பார்க்காதீர்கள். வெறும் வயிற்றோடு ஆடியவர் வகுப்பில் தூங்கத்தான் செய்வார்.

தாமதமாக வந்தவரைத் திருப்பி அனுப்பக் கூடாது, ஆடவும் விடக் கூடாது. அன்றைக்கு அவருக்கு ஸ்டோர் வேலை. திருப்பி அனுப்பினால் மறுநாள் வரமாட்டார். ஆடவிட்டால் மற்ற 29 பேரும் அடுத்த வாரம் 6.15-க்கு வருவார்கள்.

ஆடுகளம் ஆண்களுக்கு 13 × 10 மீட்டர், பெண்களுக்கு 12 × 8. மண் களமே போதும், மேட் வாங்கப் பணத்தைக் கொட்டாதீர்கள். முதல் நாள் மாலை தண்ணீர் தெளித்து, காலையில் கல், முள், பீங்கான் சில்லு பொறுக்கணும். அதையும் அன்றைய பொறுப்பாளர்தான் செய்யணும், வாட்ச்மேன் இல்லை. பந்து, ஸ்கிப்பிங் கயிறு வாங்கும் முன் ஊராட்சியில் விசாரியுங்கள். 2024-இல் ஊராட்சிகளுக்குக் கொடுத்த கலைஞர் விளையாட்டு உபகரணங்கள் பல ஊரில் பெட்டி பிரிக்காமலே கிடக்கின்றன.

இனி முக்கியமான சமாச்சாரம். ஒரு கபடி ஆட்டம் நடக்க ஆடுகிறவர்கள் 14 பேர். நடத்துவதற்கு ரெஃப்ரி 1, அம்பயர் 2, ஸ்கோரர் 1, துணை ஸ்கோரர் 2. இது போக ஸ்டோர், மருந்துப் பெட்டி, தண்ணீர், வருகைப் பதிவு. தினமும் சுழற்சி. 12 வாரத்துக்குள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு பொறுப்பையும் குறைந்தது இரண்டு தடவை செய்திருக்கணும். ஸ்கோர் புத்தகத்தை அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதிக் கையெழுத்துப் போடத் தெரிந்தவர் கம்பெனியில் இன்ஸ்பெக்ஷன் ரிப்போர்ட் எழுதுவார். பந்து எத்தனை, ஜெர்சி எத்தனை, எது கிழிந்தது, யார் கையில் இருக்கிறது என்று இருப்பு நோட்டு வைத்தவருக்குக் கடைசரக்குக் குடோன் புதிதாக இருக்காது.

ஆட்டத்திலும் வேண்டுமென்றே சில திருகல் வைக்கணும்.

வாய் பேசாத ஆட்டம்: பாடிப் போகிறவர் பாடட்டும். பிடிக்கிற ஏழு பேரும் 5 நிமிடம் வாய் திறக்கக் கூடாது. சங்கிலி எங்கே அறுந்தது, யார் கண்ணால் சைகை காட்டினார், யார் பார்க்கவே இல்லை என்று வட்டத்தில் பேசணும். இரைச்சலான ஷெட்டில் வேலை அப்படித்தான் நடக்கும்.

விதி மாற்றம்: பாதியில் "இனி போனஸ் கிடையாது, தொட்டால் இரண்டு புள்ளி" என்று அறிவியுங்கள். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டவர் யார், உடனே ஆட்டத்தை மாற்றியவர் யார் என்று ஒருவர் ஓரமாக நின்று குறிக்கணும்.

ஆள் குறைவு: 7-க்கு 5. இரண்டு பேர் வராத ஷிப்ட் மாதிரி.

தப்புத் தீர்ப்பு: ரெஃப்ரி வேண்டுமென்றே ஒரு புள்ளியைத் தப்பாகக் கொடுப்பார். கேப்டன் மட்டும் போய் ஒரே வாக்கியத்தில் முறையிடலாம், வேறு யாரும் வாய் திறந்தால் எதிரணிக்குப் புள்ளி. இதை நாலாவது வாரத்துக்கு முன் செய்யாதீர்கள். அன்றைய வட்டத்திலேயே "தெரிந்துதான் தப்பாகக் கொடுத்தோம்" என்று சொல்லிவிடவும் வேண்டும். சொல்லாமல் விட்டால் அதன் பிறகு எந்தத் தீர்ப்பையும் நம்ப மாட்டார்கள், சண்டை ஊருக்குள் போய்விடும்.

வட்டத்தில் கேட்பது மூன்றே கேள்வி. என்ன நடந்தது? நீ என்ன செய்தாய்? அதனால் என்ன ஆச்சு? பதிலை அவரவர் நோட்டில் மூன்று வரி எழுதணும். 60 நாளில் 60 குறிப்பு சேரும். அதில் ஆறைத் தேர்ந்தெடுத்தால் இன்டர்வியூவில் "உங்களைப் பற்றிச் சொல்லுங்க" என்பதற்கு மனப்பாட வசனம் தேவைப்படாது. பயிற்சியாளர் பிரசங்கம் ஆரம்பித்தால் வட்டம் செத்தது. அவர் பேச்சு இருபதில் நாலு நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது.

#3 கணக்கர்_1

எல்லாம் சரி. இதே பணத்தில் பத்துப் பேரை வெல்டிங், ஏசி மெக்கானிக் என்று ஒரு தொழில் படிக்க வைத்தால் நேராக வேலை கிடைக்குமே? கபடி என்கிற சுற்றுவழி எதற்கு? விளையாட்டு என்றால் போட்டோ நன்றாக வரும், நன்கொடையாளர் குளிர்ந்துபோவார், அதுதான் காரணம் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

#4 களத்துமேடு

சந்தேகம் நியாயமானது. தொழில் படிக்கத் தயாராக இருப்பவரைக் கபடிக்கு இழுத்தால் அவருடைய மூன்று மாதம் வீண். அவரை நேராகப் புதூர் அரசு ஐடிஐக்கோ அப்ரென்டிஸ் பயிற்சிக்கோ அனுப்பணும். தேசிய அப்ரென்டிஸ் ஊக்குவிப்புத் திட்டத்தில், கம்பெனியில் தொழில் பழகுகிறவருக்குத் தரும் உதவித்தொகையில் 25 சதவீதம், அதிகபட்சம் மாதம் 1,500 ரூபாயை மத்திய அரசு ஏற்கிறது என்பதைச் சின்னப் பட்டறை முதலாளிகளுக்குச் சொன்னாலே சில கதவு திறக்கும்.

ஆனால் படிப்பில் சேர்த்துவிட்டால் நாலாம் நாள் காணாமல் போகிறவர், நாலு பேர் முன்னால் வாய் திறக்காதவர், ஒருவர் குரல் உயர்த்தினால் சட்டையைப் பிடிக்கிறவர் அல்லது ஓடிப்போகிறவர், இவர்களுக்குத்தான் மைதானம். அதனால் முதல் வாரத்திலேயே 30 பேரையும் பிரியுங்கள்: உடனே தொழில் படிக்கப் போகலாம், போட்டித் தேர்வுப் பக்கம் போகலாம், முதலில் வீட்டை விட்டு வெளியே வந்தால் போதும் என்று. மூன்று கூட்டமும் காலையில் சேர்ந்தே ஆடலாம், 9.30 வகுப்பு மட்டும் வேறு வேறு.

இது ஊருக்குப் புதிதும் இல்லை. மும்பையில் 1999-இல் தொடங்கிய மேஜிக் பஸ் என்கிற தொண்டு நிறுவனம் விளையாட்டு வழிப் பாடத்திலிருந்து வேலைப் பயிற்சிக்கு வந்தது. லத்தீன் அமெரிக்காவில் நடந்த 'அ கனார்' திட்டத்தில் நாலு கட்டம்: விளையாட்டு, தொழிற்பயிற்சி, கம்பெனியில் நேரடி அனுபவம், அதன் பிறகு தொடர் கண்காணிப்பு. அதில் விளையாட்டு முதல் கட்டம் மட்டும்தான் என்பதைக் கவனியுங்கள். நம்மூரில் அந்த முதல் கட்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டு கோப்பை கொடுத்து முடித்துவிடுகிறார்கள்.

#5 கப்பலூர்_ஷிப்ட்

ஆள் எடுக்கிற பக்கத்திலிருந்து சொல்கிறேன். ஹெல்ப்பர், ஆபரேட்டர், பேக்கிங் வேலைக்கு வருகிறவரிடம் முதல் 45 நாளில் பார்ப்பது வருகையைத்தான். மெஷின் கற்றுக்கொடுத்துவிடலாம், திங்கட்கிழமை வரவைப்பதுதான் கஷ்டம். ஆகவே உங்கள் வருகை நோட்டு எங்களுக்குச் சான்றிதழை விடப் பெரிது. 60-க்கு 54 நாள், எல்லாம் 6 மணிக்குள், என்று நோட்டின் நகலோடு ஒருவர் வந்தால் சூப்பர்வைசர் நிமிர்ந்து பார்ப்பார். "கபடியில் முதல் பரிசு" என்பதற்கு அவர் நிமிர மாட்டார்.

காகிதம்தான் நிறையப் பேரைக் கவிழ்க்கிறது. மார்க் ஷீட்டில் இனிஷியல், ஆதாரில் அப்பா பெயர் முழுசாக, வங்கிக் கணக்கில் இனிஷியலே இல்லை. இந்த மூன்றும் ஒத்துப்போகாவிட்டால் பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி) கணக்கில் சிக்கல், பிறகு பணம் எடுக்கையில் அதைவிடச் சிக்கல். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறையும் பிறந்த தேதியை ஒரு முறையும்தான் மாற்ற முடியும். அவசரப்பட்டு ஈ-சேவையில் தப்பாக மாற்றிவிடாதீர்கள். மார்க் ஷீட்டை அடிப்படையாக வைத்து மற்றவற்றை அதற்கு ஒத்ததாக ஆக்குவது நல்லது. ஆதாரோடு செல்போன் எண் இணைந்திருக்கணும், அந்த எண் அவரிடமே இருக்கணும். அண்ணன் நம்பரைக் கொடுத்துவிட்டு ஓடிபிக்கு அலைகிறவர்கள் அநேகம். இதையெல்லாம் முதல் வாரத்தில் ஆரம்பித்தால்தான் பத்தாவது வாரத்தில் கையில் கிடைக்கும். வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு மூன்று வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டியது; அதையும் அதே வாரத்தில் பாருங்கள். நிறக்குருடு சோதனையும் முதல் வாரமே. எலக்ட்ரிக்கல், டிரைவர், ரயில்வே என்று கனவு காண்கிறவருக்குக் கடைசியில் சொல்வது பாவம்.

இன்னொன்று, சம்பளச் சீட்டு. "14,000 சம்பளம்" என்று சொல்லி அனுப்பாதீர்கள். 14,000-இல் அடிப்படையும் பஞ்சப்படியும் 12,000 என்றால் பிஎஃப் 12 சதவீதம் 1,440. இஎஸ்ஐ (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) மொத்தச் சம்பளத்தில் 0.75 சதவீதம், 105. கைக்கு வருவது 12,455. கேன்டீன், வேன் பிடித்தம் இருந்தால் இன்னும் குறையும். முதல் சம்பள நாளில் "ஏமாத்திட்டாங்க" என்று நின்றுபோகிறவர்கள் இந்தக் கணக்கு தெரியாதவர்கள். வகுப்பில் ஒரு மாதிரிச் சீட்டைக் கையில் கொடுத்து அவர்களையே கழிக்கச் சொல்லுங்கள். இஎஸ்ஐயில் என்ன வைத்தியம் கிடைக்கும், பிஎஃபில் கம்பெனி தன் பங்குக்கு எவ்வளவு போடும் என்பதும் அதே பாடத்தில் வரட்டும்.

மேலூர்க்காரர்கள் கப்பலூர் தொழிற்பேட்டைக்கு வரணும் என்றால் மதுரையைக் கடந்து மறுகோடி. 6 மணி ஷிப்டுக்கு எத்தனை மணிக்குக் கிளம்பணும், கம்பெனி வேன் எந்த ஊர் வரை வரும் என்பதுதான் முதல் கேள்வி. பக்கத்திலேயே மேலூர் சாலையில், உறங்கான்பட்டி சிட்கோ தொழிற்பேட்டையில் கேட்டுவிட்டு இங்கே வாருங்கள்.

#6 மேலூர்_மன்றம்

நன்றி. கம்பெனிக்காரர்களை எப்போது கூப்பிடுவது? கடைசி வாரம் நிறைவு விழாவுக்கு என்று நினைத்திருந்தோம்.

#7 கப்பலூர்_ஷிப்ட்

நிறைவு விழாவுக்கு வருகிறவர் பொன்னாடை போட்டுக்கொண்டு போய்விடுவார். நாலாவது வாரம் ஒரு சூப்பர்வைசரை, மேனேஜரை அல்ல, காலை வட்டத்துக்குக் கூப்பிட்டு உட்காரவையுங்கள். எட்டாவது வாரம் உங்கள் ஆட்களை ஷெட்டுக்கு அனுப்புங்கள், ஒரு முழு ஷிப்ட் நின்று பார்க்கட்டும். எட்டு மணி நேரம் நிற்பது என்றால் என்ன என்று அப்போதுதான் கால் சொல்லும். அன்றைக்கே "இது நமக்கு ஆகாது" என்று இரண்டு மூன்று பேர் சொல்வார்கள். சேர்ந்து நாலு நாளில் நிற்பதை விட அது மேல்.

பத்தாவது வாரத்தை ஷிப்ட் வாரமாக வையுங்கள். மூன்று நாள் வழக்கம்போல 6 மணி. இரண்டு நாள் மதியம் 2 மணிக்கு வந்து இரவு 10 வரை: வெயில் தாழும் வரை வகுப்பும் ஸ்டோர் கணக்கும், 5 மணிக்கு மேல் ஆட்டம், பிறகு போட்டிக்கான வேலை. நேரம் மாறினால் சாப்பாடு, தூக்கம், பஸ் எல்லாம் மாறும். அதை வீட்டிலேயே ஒருமுறை ஒத்திகை பார்த்தால் வீட்டுக்காரர்களுக்கும் தெரியும்.

#8 ஓட்டக்கோடு

இதில் எப்படியும் பத்துப் பேர் போலீஸ், ராணுவம் என்று சொல்லப்போகிறார்கள். அதற்கு முதல் நாளே டேப் எடுங்கள். இரண்டாம் நிலைக் காவலருக்கு ஆண் 170 செ.மீ. (எஸ்சி, எஸ்டி 167), பெண் 159 (157). ஆண்களுக்கு மார்பு 81, விரித்தால் 5 செ.மீ. கூடணும். செருப்பில்லாமல், சுவரில் முதுகு ஒட்டி அளக்கணும். 168 இருப்பவரை "பார்த்துக்கலாம்" என்று இரண்டு வருடம் ஓடவிடுவதை விடக் கொடுமை கிடையாது. ராணுவத்தில் அக்னிவீர் பொதுப்பணிக்கு நம் மாநிலத்தில் 166 போதும், ஆனால் நாலு வருடப் பணி, அதன்பின் தொடர்வது 25 சதவீதம் வரைதான் என்பதை வீட்டாரிடமும் சொல்லிவிடணும்.

ஓட்டத்துக்கு 400 மீட்டர் டிராக் வேண்டாம். ஊர்க் களத்தில் 200 மீட்டர் போடலாம். நேர்கோடு 40 மீட்டர் இரண்டு. இரு முனையிலும் முளைக்குச்சி அடித்து 18.80 மீட்டர் கயிற்றில் அரைவட்டம் சுண்ணாம்பால் கீறணும். ஓடுகிற தடம் கோட்டிலிருந்து 30 செ.மீ. வெளியே, அதாவது 19.10 ஆரம். இரண்டு அரைவட்டமும் சேர்த்து 120, நேர்கோடு 80, ஆக 200. இரண்டு லேன் போட 83 × 43 மீட்டர் இடம் போதும். சணல் கயிறு இழுத்தால் நீளும், நைலானும் நீளும். பழைய எலக்ட்ரிக் வயர் நல்லது. செல்போன் ஆப்பில் தூரம் பார்க்காதீர்கள், சின்ன வட்டத்தில் அது கூட்டியும் குறைத்தும் காட்டும்.

இந்த டிராக்கில் கணக்கு சுலபம். காவலர் தேர்வு ஆண்களுக்கு 1500 மீட்டர் 7 நிமிடம்: ஏழரைச் சுற்று, சுற்றுக்கு 56 விநாடி. ராணுவம் 1.6 கி.மீ. முழு 60 மதிப்பெண்ணுக்கு 5 நிமிடம் 30 விநாடி: எட்டுச் சுற்று, சுற்றுக்கு 41 விநாடி சொச்சம். ரயில்வே குரூப் டி ஆண்களுக்கு 1000 மீட்டர் 4.15: ஐந்து சுற்று, 51 விநாடி. எஸ்எஸ்சி ஜிடி (மத்திய ஆயுதப் படைக் காவலர் தேர்வு) ஆண்களுக்கு 5 கி.மீ. 24 நிமிடம்: இருபத்தைந்து சுற்று, சுற்றுக்கு 57 விநாடிக்குச் சற்று மேல். எல்லோரும் முதல் சுற்றை 38 விநாடியில் ஓடிவிட்டு நாலாவதில் நடக்கிறார்கள். விசில் அடித்து வேகத்தைப் பிடித்துவைப்பதுதான் பயிற்சியாளர் வேலை.

காவலர் தேர்வில் ஆண்களுக்கு 1500-க்குப் பிறகு கயிறு 5 மீட்டர் ஏறினால் ஒரு ஸ்டார், 6 மீட்டர் இரண்டு; ஸ்டாரை வைத்துத்தான் மதிப்பெண். நீளம் தாண்டுதல் 3.80, 4.50. உயரம் 1.20, 1.40. 100 மீட்டர் 15 விநாடி, 13.5 விநாடி. 400 மீட்டர் 80, 70. கபடிக்காரர்கள் கயிற்றில் கோட்டை விடுவார்கள், காலை உபயோகிக்கத் தெரியாமல் கையாலேயே ஏறப் பார்ப்பார்கள். வேப்பமரக் கிளையில் கட்டிய கயிறு வேண்டாம், இரும்புக் குழாய்ச் சட்டம் அல்லது பலமான தூலம், கீழே ஒன்றரை அடி மணல்.

கடைசியாக ஒன்று, இதை மைதானத்தில் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள்: 2022, 2023 காவலர் தேர்வுகளில் 100-க்கு எழுத்துத் தேர்வு 70, உடல்திறன் 24, சிறப்பு மதிப்பெண் 6. தமிழ் தகுதித் தேர்வில் 80-க்கு 32 வாங்காவிட்டால் அடுத்த விடைத்தாளைத் திருத்தவே மாட்டார்கள். காலை இரண்டு மணி நேரம் ஓடிவிட்டு மீதி நாள் படுத்துக்கிடக்கிறவர் 24-க்காக 70-ஐ விடுகிறார்.

#9 கணக்கர்_1

ஸ்போர்ட்ஸ் கோட்டா என்று ஒரு பேச்சு ஓடுமே, அதையும் சொல்லிவிடுங்கள். எங்கள் பக்கம் திருவிழாக் கபடிச் சான்றிதழ் நாற்பது வைத்திருக்கிறார்கள்.

#10 திருமங்கலம்_விசில்

அந்த நாற்பதும் சுவரில் மாட்டத்தான். மாநில அரசு வேலையில் 3 சதவீதம், காவலர் தேர்வில் 10 சதவீதம் விளையாட்டு ஒதுக்கீடு உண்டு, உண்மை. ஆனால் அங்கீகரித்த சங்கம் நடத்திய போட்டி, குறிப்பிட்ட படிவத்தில் சான்று, குறிப்பிட்ட ஆண்டுகளுக்குள் என்று நிபந்தனை இருக்கும். ஊர்த் திருவிழா, ரசிகர் மன்றப் போட்டி எதுவும் கணக்கில் வராது. 18 வயதில் மாவட்ட அணியில் கூட இல்லாதவருக்கு இந்த வழியைக் காட்டுவது மோசடி. முதலமைச்சர் கோப்பையில் பொதுப் பிரிவு 15 முதல் 35 வயது வரை உண்டு, திறமை இருந்தால் பெயர் கொடுக்கட்டும். ஆனால் அதை வேலைத் திட்டம் என்று சொல்லாதீர்கள்.

விளையாட்டுத் துறைக்குள்ளேயே வேலை என்றால் ஜிம் டிரெய்னர், நீச்சல்குளக் காவலர், செயற்கைப்புல் டர்ஃப் பராமரிப்பு, நடுவர். டர்ஃப்கள் மதுரையில் தெருவுக்குத் தெரு முளைத்திருக்கின்றன, ஆனால் ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று பேருக்குத்தான் வேலை, அதுவும் இரவு வேலை. ரேஸ்கோர்ஸ் ஸ்டேடியத்தில் 2025 ஜூனியர் ஆண்கள் ஹாக்கி உலகக் கோப்பை ஆட்டங்கள் நடந்தன, அந்த மாதிரி மைதானம் பராமரிக்கத் தெரிந்தவர் நம்மூரில் குறைவு. 30 பேரில் இரண்டு பேருக்கு இந்த வழி சொல்லலாம். பி.டி. வாத்தியார் ஆகணும் என்றால் பட்டப்படிப்புக்கு மேல் பி.பி.எட். இரண்டு வருடம், குறுக்குவழி கிடையாது.

செக்யூரிட்டி வேலையைக் கேவலமாகப் பார்க்காதீர்கள். தனியார் செக்யூரிட்டி ஏஜென்சிகளுக்கான 2005 சட்டப்படி 100 மணி நேர வகுப்பும் 60 மணி நேரக் களப் பயிற்சியும் கொடுத்துத்தான் காவலாளியை நிறுத்தணும். அந்தப் பயிற்சியே இல்லாமல் சீருடை மட்டும் கொடுக்கிற ஏஜென்சியாக இருந்தால் உங்கள் பிள்ளைகளை அனுப்பாதீர்கள்.

#11 தல்லாகுளம்_தடகளம்

9 பெண்கள் என்று போட்டுவிட்டு எல்லோரும் ஆண்களைப் பற்றியே பேசிக்கொண்டு போகிறீர்கள்!

ஒன்பது பேரை வைத்து ஏழுக்கு ஏழு ஆட முடியாது. நாலுக்கு நாலு, ஒருவர் ரெஃப்ரி, களத்தை அரையாக்கிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் வாலிபால், அதில் ஆண் பெண் கலந்தே ஆடலாம். வலை பெண்கள் உயரம் 2.24 மீட்டரில் கட்டுங்கள், ஆண்கள் 2.43-இல் கட்டினால் பெண்கள் வேடிக்கைதான் பார்ப்பார்கள். ஆண்கள் கபடிக்குப் பெண்கள் ரெஃப்ரி, ஸ்கோரராக நிற்பதைக் கட்டாயமாக்குங்கள். ஆண் கேப்டன் ஒருவர் பெண் ரெஃப்ரியின் தீர்ப்பை ஏற்றுக்கொண்டு திரும்பிப்போவது ஆண்களுக்குத்தான் பெரிய பயிற்சி, நாளை அவர்கள் சூப்பர்வைசர் பெண்ணாக இருக்கலாம்.

காலை 6 மணி பல வீட்டில் ஒத்துவராது. தண்ணீர் பிடிப்பது, சமையல், தம்பி தங்கையைப் பள்ளிக்கு அனுப்புவது எல்லாம் அந்த நேரம்தான். அவர்களுக்கு மாலை 4.00–5.30 வையுங்கள், இருட்டுவதற்குள் வீட்டில் இருக்கணும். பள்ளிக் கழிவறைச் சாவி யாரிடம் என்று முதலில் கேளுங்கள். சாவியில்லாத கழிவறையால் நின்ற பெண்கள் எத்தனை என்று யாரும் எண்ணுவதில்லை. உடை டிராக் பேன்ட், முழுக்கை அல்லது அரைக்கை டி-ஷர்ட், அவரவர் விருப்பம். ஷார்ட்ஸ்தான் போடணும் என்று எந்தப் பயிற்சியாளரும் சொல்லக் கூடாது. பெண் பயிற்சியாளர் கிடைக்காவிட்டால் மகளிர் குழு அக்கா ஒருவர் சம்பளத்துக்கு உட்காரட்டும், இலவசமாகக் கூப்பிட்டால் பத்து நாள்தான் வருவார்.

பஸ் செலவுக்கு: சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை, ஆண்களுக்கு உண்டு. ஆகவே இன்டர்வியூப் பயணச் செலவை ஆண்களுக்கு அதிகம் ஒதுக்கணும். ஆனால் புறநகர் பஸ், வேன் என்றால் பெண்களுக்கும் செலவுதான், கணக்கில் விட்டுவிடாதீர்கள். வேலைக்கு அனுப்பும் முன் அந்த இடத்தில் 10 பேரோ அதற்கு மேலோ இருந்தால் பாலியல் புகாருக்கான உள் குழு இருக்கிறதா, அதில் யார் யார் என்று எழுத்தில் கேளுங்கள். பெற்றோரை எட்டாவது வார ஷெட் பார்வைக்குக் கூட்டிப்போங்கள். அப்பா ஒருமுறை இடத்தைப் பார்த்துவிட்டால் பாதிச் சண்டை தீரும்.

#12 மேலூர்_மன்றம்

அக்கா சொன்ன மாலை நேரம் எங்களுக்குத் தோன்றவே இல்லை, மாற்றிக்கொள்கிறோம். இன்னொரு சங்கடம். களம் ஒரு தெருவை ஒட்டி இருக்கிறது. இன்னொரு தெருப் பையன்கள் வருவார்களா என்று தெரியவில்லை.

#13 களத்துமேடு

கேட்டது நல்லது, பல திட்டம் சத்தமில்லாமல் இங்கேதான் முறிகிறது. நம் பக்கத்தில் டீம் என்றாலே தெரு, தெரு என்றாலே சாதி. செய்யக்கூடியது: களத்தைப் பள்ளிக்கூட மைதானத்துக்கோ இரண்டு தெருவுக்கும் பொதுவான கண்மாய்க்கரைப் புறம்போக்குக்கோ மாற்றுங்கள். முடியாவிட்டால் வாரம் மாற்றி வாரம் இடம். டீமை ஒவ்வொரு திங்கட்கிழமையும் சீட்டுக் குலுக்கிப் பிரியுங்கள், ஒரே டீம் இரண்டு வாரம் நீடிக்கக் கூடாது. டீமுக்குத் தலைவர் பெயர், சாமி பெயர் வேண்டாம். அ, ஆ போதும். ஜெர்சி வெள்ளையும் சாம்பலும். கையில் கட்டுகிற கலர்க் கயிறு, பேண்ட் எல்லாம் ஆட்டத்துக்கு முன் கழற்றணும், எல்லோருக்கும் ஒரே விதி, காரணம் "நகமும் கயிறும் காயம் பண்ணும்". அது பொய்யும் இல்லை, கபடியில் நகம் வெட்டாமல் இறங்கவே கூடாது. தண்ணீர் ஒரே டிரம், ஒரே மாதிரி டம்ளர். சுண்டல் யார் வீட்டில் அவிப்பது என்பதிலும் சுழற்சி வையுங்கள், யாராவது சாப்பிடாமல் நழுவினால் அதைப் பார்க்காதது போல் இருந்துவிடாதீர்கள், தனியாகப் பேசுங்கள்.

மற்றொரு முறிவு: 5-வது வாரம் நல்லா ஆடுகிற ஏழு பேரை வெளியூர்ப் போட்டிக்காரர்கள் பரிசுப் பணம் காட்டி அழைப்பார்கள். பயிற்சியாளருக்கே ஆசை வரும். ஏழு பேர் ஆட, 23 பேர் கைதட்ட என்று ஆகிவிட்டால் வேலைத் திட்டம் அன்றோடு முடிந்தது. ஒரு ஆள் தொடர்ந்து இரண்டு ஆட்டத்துக்கு மேல் ஆட முடியாது என்பதை முதல் நாளே விதியாக்குங்கள்.

காலம்: ஜூன் நடுவில் ஆரம்பித்துச் செப்டம்பர் முதல் வாரத்துக்குள் முடியுங்கள். மேலூர்ப் பக்கம் பெரியாறு ஒருபோகத் தண்ணீர் வழக்கமாகச் செப்டம்பர் வாக்கில் திறந்தால் நடவுக்கு ஆள் போய்விடும். அக்டோபரில் மழை. தை பிறந்தால் அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் என்று மூன்று நாளும் அதற்கு முன் ஒரு மாதமும் மாடு தவிர வேறு நினைப்பு இருக்காது. மாசியில் தொடங்கினால் முடிவு சித்திரைத் திருவிழாவிலும் வெயிலிலும் மாட்டும். ஆடியில் கோயில் கொடை எந்த ஊரில் எந்த நாள் என்று கேட்டு அந்த வெள்ளிக்கிழமைகளை முன்கூட்டியே விடுமுறை என்று எழுதிவிடுங்கள். சொல்லாமல் எடுத்த லீவும் சொல்லி எடுத்த லீவும் வேறு என்பதைக் கற்றுக்கொடுக்க அது ஒரு சந்தர்ப்பம்.

#14 திருமங்கலம்_விசில்

மருந்துப் பெட்டி பற்றி யாரும் சொல்லவில்லை. கபடியில் கணுக்கால், முட்டி, விரல். கணுக்கால் சுளுக்கினால் துணியில் சுற்றிய ஐஸ் 15–20 நிமிடம், இழுபடும் பேண்டேஜ், காலை உயரத்தில் வைப்பது. அன்றைக்கே எண்ணெய் போட்டு உருவுகிற வேலை வேண்டவே வேண்டாம். நாலு எட்டு எடுத்துவைக்க முடியவில்லை என்றால் எக்ஸ்ரே. பெட்டியில் பேண்டேஜ் 6, ஓஆர்எஸ் 20 பொட்டலம், கத்தரி, கையுறை, பக்கத்து ஆரம்ப சுகாதார நிலைய எண், 108.

#15 கணக்கர்_1

சரி, என் வாயை அடைத்துவிட்டீர்கள், பாதிதான். வெற்றியை எப்படி எண்ணப்போகிறீர்கள்? ஆஃபர் லெட்டர் வாங்கிய அன்றே "30-க்கு 24" என்று அறிக்கை எழுதுகிறவர்களைத்தான் எங்கும் பார்க்கிறோம்.

#16 கப்பலூர்_ஷிப்ட்

ஆஃபர் லெட்டரை எண்ணவே வேண்டாம். 30, 90, 180-ஆவது நாளில் சம்பளம் வங்கியில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். நின்றவர்கள் எண்ணிக்கையையும் ஏன் நின்றார்கள் என்பதையும் அதே தாளில் எழுதணும். தொழில் படிக்கப் போனவர், அப்ரென்டிஸ் ஆனவர் தனிக் கணக்கு; வேலைக்குப் போனவரோடு சேர்க்கக் கூடாது.

ஆள் நிற்கிற நாட்கள் ஏறக்குறைய தெரிந்தவைதான்: மூன்றாம் நாள் கால்வலி, முதல் நைட் ஷிப்ட் வாரம், முதல் சம்பளம், முதல் திருவிழா லீவு மறுப்பு. அந்த நாலு தருணத்தில் மன்றத்திலிருந்து ஒருவர் போன் செய்யணும். திட்டுவதற்கு இல்லை, "என்னாச்சு" என்று கேட்க. அந்த ஆள் கூடவே கபடி ஆடியவராக இருந்தால் உண்மையைச் சொல்வார், வாத்தியாராக இருந்தால் "நல்லா இருக்கேன் சார்" என்பார். ஞாயிற்றுக்கிழமை சாயங்கால ஆட்டத்தை 12 வாரத்துக்குப் பிறகும் நிறுத்தாதீர்கள். வேலைக்குப் போனவர்கள் திரும்பி வந்து பேச இடம் வேண்டும், இன்னும் போகாதவர்களுக்கு எந்த கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள் என்ற தகவல் அங்கேதான் கிடைக்கும். போன் செய்ய ஒருவருக்கு ஆறு மாதத்துக்கு மாதம் ஒரு தொகையைப் பட்ஜெட்டில் இப்போதே எழுதிவிடுங்கள். செலவு ஏற்பவர் மூன்று மாதம்தான் என்றால் ஜெர்சியில் குறைத்து இதற்கு வையுங்கள்.

#17 மேலூர்_மன்றம்

ஜெர்சியைப் பாதியாக்குகிறோம். கடைசியாக ஒரு சின்ன சந்தேகம்: ரயில்வே குரூப் டிக்கு 35 கிலோ தூக்கி நடக்கணும் என்கிறார்கள், மணல் மூட்டையா, சிமென்ட் மூட்டையா?

#18 ஓட்டக்கோடு

சிமென்ட் 50 கிலோ, அதைத் தூக்காதீர்கள், முதுகு போய்விடும். பழைய அரிசிச் சாக்கை இரண்டாக மடித்துக் காய்ந்த மணல் நிரப்பி மண்டித் தராசில் 35 நிறுத்து, வாயைத் தைத்துவிடணும். பெண்களுக்கு 20 கிலோவில் தனி மூட்டை. 100 மீட்டர், 2 நிமிடம், நடுவில் கீழே வைத்தால் அவுட். முதல் வாரம் 15 கிலோவில் ஆரம்பித்து வாரம் 5 கிலோ ஏற்றினால் ஐந்தாவது வாரம் 35. மூட்டையை இரவு களத்தில் போட்டு வைக்காதீர்கள். பனியிலும் மழையிலும் மணல் தண்ணீர் குடித்து 38, 40 ஆகிவிடும், பையன் தன் பலம் குறைந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வான். வாரம் ஒருமுறை திரும்ப நிறுங்கள். அதையும் ஸ்டோர்ப் பொறுப்பாளர் நோட்டில் எழுதட்டும்.